எலுமிச்சம்பழத்தைச் சரி செய்த கை

எங்கள் தொழிலில் ஒழுங்காக வேலை பார்த்ததற்கு அடையாளமே கிடையாது. ஒன்றும் நடக்காத நாளை யார் கவனிக்கிறார்கள்? கட்டட சைட்டுகளில் சேஃப்டி ஆபீசராகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன அன்பர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

விசில்

கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடி வேலை. பொக்லைன் ஓட்டுபவர் செந்தில். முன்னால் நின்று விசில் ஊதி வழிகாட்டுபவர் ஆரோக்கியசாமி. அவர் ஊதாமல் வண்டி நகரக்கூடாது என்று விதி போட்டிருந்தேன். ஆயுத பூஜையன்றும் அதையே சொன்னேன். காண்ட்ராக்டர் சிரித்தார்.

"நாள் கிழமையில கூடவா சார்?"

நல்ல நேரம்

வண்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்சக்கரத்துப் பழம் மட்டும் சேற்றில் உருண்டு விலகியது. பழம் நசுங்காமல் வண்டி கிளம்பினால் ஆகாது என்று குனிந்து அதை உள்ளே தள்ளியவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஆரோக்கியசாமிதான். மேலே இருந்த செந்திலுக்கு, மண் அள்ளும் பக்கெட் அவரை மறைத்தது. விசில் ஊத வேண்டியவரோ சக்கரத்தடியில் இருந்தார். நான் போட்ட கூச்சல் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. செந்தில் காதில் விழுந்தது காண்ட்ராக்டர் குரல் மட்டும்தான்.

"நல்ல நேரம் முடியப்போகுது, எடுப்பா!"

ஆஸ்பத்திரி வாசல்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மன்னார்புரம் தாண்டுவதற்குள் ஆரோக்கியசாமிக்கு நினைவு தப்பிவிட்டது. சக்கரம் ஏறிய கையில் மூன்று விரல்களை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். செந்தில் வாசலில் சுவரோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆரோக்கியசாமியின் மனைவி மேரி ஓடிவந்தார். நான் என்னென்னவோ ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்; பதிலுக்கு என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"எந்தக் கைங்க?"

சாவி

செந்தில் அதன்பிறகு வண்டியில் ஏற மறுத்துவிட்டார். வேறு ஆள் வந்து ஓட்டினார். செந்தில் கம்பி சுமந்தார். கை ஆறி ஆரோக்கியசாமி மறுபடி விசிலோடு வந்த அன்று, அவரே செந்திலைத் தோளைப் பிடித்து வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மதியம் பக்கெட் பல்லில் சிக்கிய கம்பியை எடுக்க ஆரோக்கியசாமி குனியப் போனார். செந்தில் இன்ஜினை நிறுத்தினார், சாவியை உருவிக்கொண்டு இறங்கினார், அதை அவருடைய இடது கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. நீங்க நிமிந்து குடுத்தாத்தான் நான் ஏறுவேன்."

வருஷக்கணக்காக நான் வகுப்பெடுத்தும் ஒருவர் காதிலும் ஏறாத பாடம், மூன்று விரலை வாங்கிக்கொண்டுதான் ஏறியது.