நீட்டச் சொன்ன கை

பத்திரிகை ஆபீசில் அவனுக்கு 'ஒரே ஒண்ணு' என்று பேர். எதிரே நிற்பது மந்திரியானாலும் சரி, வீடு எரிந்து தெருவில் நிற்கிறவரானாலும் சரி, கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் "ஒரே ஒண்ணுங்க, ஒரே ஒண்ணு" என்பான். அந்த ஒரே ஒண்ணு முடிவதற்குள் நிற்கிறவருக்குக் கால் மரத்துப் போகும். கல்யாண ஸ்டூடியோவில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கே யாரையும் இருக்கிறபடி விடுவதில்லை. மாப்பிள்ளையின் தாடையைத் திருப்புவது, அழாத அம்மாவை அழச் சொல்வது, எல்லாம் தொழிலில் சேர்த்தி. அப்படி அவன் முதன்முதலில் திருப்பிய தாடை அவனுடைய அக்காள் புருஷனுடையது. அந்த மனுஷன் திருப்பினபடியே நிற்பார். "இறக்கலாமா மாப்ள?" என்று கேட்காமல் தூக்கிய கையைக்கூட இறக்கமாட்டார்.

பத்திரிகையில் சேர்ந்த அன்றே போட்டோ எடிட்டர் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இங்க யாரையும் நிக்க வைக்காதே, நகர்த்தாதே. நடக்கிறதை எடு. ஒண்ணும் நடக்கலையா, வெறுங்கையோட வா. பொய்ப்படம் கொண்டு வந்தா அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்." அவன் பலமாகத் தலையாட்டினான். தலையாட்ட என்ன செலவா ஆகிறது?

அப்புறம் வெள்ளம் வந்தது. ஆற்றோரத்து வீடுகள் மூழ்கி, ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தானுக்குச் சமையல் தொழில். விசேஷ வீடுகளில் பெரிய கூட்டத்துக்கெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் ஆக்கிப்போடுகிறவர். யாரும் கூப்பிடாமலே அடுப்பையும் அண்டாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து முற்றத்தில் இறக்கிவிட்டார். தூக்கமில்லாமல் புகையிலேயே கிடந்ததில் கண்கள் சிவந்து, கன்னம் ஒட்டி, நரைத்தாடி முளைத்துவிட்டது.

அவன் போனபோது சாப்பாட்டு வரிசையில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கேமராவைக் கண்டதும் பெண்கள் துணியை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் தட்டாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு, "வீடுதான் போச்சு தம்பி, மானமும் போகணுமா?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முதல் பக்கத்துக்குப் படம் வேண்டும் என்பதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து அத்தான் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அவன் தேடின முகம் சொந்தத்திலேயே இருந்தது!

"அத்தான், இங்க வாங்க. இந்தத் தட்டைப் பிடிங்க."

"எனக்கு எதுக்குடா இப்ப? எல்லாரும் சாப்பிடட்டும், நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

"சும்மா பிடிங்க. கையை நல்லா நீட்டுங்க. தலையைக் கொஞ்சம் சாய்ங்க. ஒரே ஒண்ணு."

அத்தான் நீட்டினார், சாய்ந்தார். "இறக்கலாமா மாப்ள?"

"இன்னும் கொஞ்சம்."

மறுநாள் முதல் பக்கத்தில் பாதியை அந்தப் படம் பிடித்துக்கொண்டது. மேலே 'பசி' என்று கொட்டை எழுத்து. முகாமில் ஒரு முதியவர் என்று ஆபீசில் சொல்லிவைத்திருந்தான். போட்டோ எடிட்டர் அம்மாளே எழுந்து வந்து கை கொடுத்தார். படம் போன் போனாகச் சுற்றியது. அதைப் பார்த்து மனசு இளகி, லாரி லாரியாக அரிசி வந்தது. நல்லதுதானே நடந்தது என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

அக்கா வீட்டில் வேறு கதை நடந்தது. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் பழைய துணி மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். தெருக்கோடிக் கடைக்காரர் அத்தானிடம் காசு வாங்க மறுத்து, இரக்கத்தோடு முதுகைத் தடவினார். சமையலுக்குப் பேசிவைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் சத்தமில்லாமல் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சோற்றுக்கே வழியில்லாதவரை நம்பி விருந்தை எப்படி ஒப்படைப்பது?

அக்கா போன் போட்டு வரச் சொன்னாள். வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஊருக்கே ஆக்கிப் போட்ட மனுஷனைப் பிச்சைக்காரனா ஆக்கிட்டியேடா! உண்மையைச் சொல்லித் தொலையேன்."

"சொன்னா வேலை போயிடும்க்கா."

"விடு," என்றார் அத்தான். "அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

அந்த நேரம் வாசலில் குரல் கேட்டது. போட்டிப் பத்திரிகையின் நிருபர், ஒரு பெண். அவன் சட்டென்று உள்ளறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டான். அடுத்தவர் துக்க வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து பழகினவன், அக்கா வீட்டில் திருடனைப் போல ஒளிந்துகொண்டான்.

"ஐயா, அந்த முகாம்ல சமைச்சதே நீங்கதான்னு சொல்றாங்க. அப்புறம் படத்துல எப்படிக் கையேந்தி நிக்கிறீங்க? யாராவது நிக்க வெச்சாங்களா?"

"சமைக்கிறவனுக்குப் பசிக்காதாம்மா? பசிச்சுது, கையை நீட்டினேன். அந்தத் தம்பி நடந்ததைத்தான் எடுத்தார்."

வாழ்நாளில் அரிசி அளவில்கூடப் பொய் சொல்லாதவர் நிருபரின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அவள் நம்பவில்லை. "எப்படி நின்னீங்கன்னு ஒரு தடவை காட்டறீங்களா?" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அத்தான் தட்டு கேட்டார். அக்கா கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். அத்தான் எழுந்து நின்று தட்டை ஏந்திக் கையை நீட்டினார். சொல்லிக் கொடுத்தது கொஞ்சமும் பிசகவில்லை.

திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவனின் மனசில் முதலில் தோன்றியது இதுதான்: ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது, தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் பிரமாதம்.

தோன்றிய மறுகணம் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, என்ன பிறவி நான்? அங்கே நிற்பது யார்? எதற்காக நிற்கிறார்? திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். நிருபரின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"படம் எடுத்தது நான்தான். இவர் என் அத்தான். யார்கிட்டயும் கையேந்தலை. நான்தான் தட்டைக் கொடுத்து நிக்க வெச்சேன். அன்னிக்கு அங்க எல்லாரும் சாப்பிட்டது இவர் ஆக்கின சோறு. அப்படியே எழுதிக்குங்க."

நிருபர் எழுதிக்கொண்டாள். ஆபீசில் இன்றைக்கே தெரிந்துவிடும். அவன் அதை நினைக்கவில்லை. அத்தானைப் பார்க்க வேண்டும், பார்க்க முடியவில்லை.

அவர் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப இறக்கலாமா மாப்ள?"

அக்காதான் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.