கேசட்டுக் கடையும் சேத்துப்பட்டு பஸ்ஸும்

கேசட்டுக் கடைன்னா பாட்டு விக்கிற எடம்னுதான் ஊருல நெனச்சிகினு இருந்தாங்க. உள்ள உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும், அதுல பாதி அழிக்கிற வேலை. பழைய கேசட்ட எடுத்தாந்து, "இதும்மேல புதுப் பாட்டு ஏத்திக் குடுங்க"ம்பாங்க. புதுசு ஏறினா பழசு போவும். கடை வெச்சி, கஸ்டமருக்குப் பல்லக் காட்டி, உள்ளுக்குள்ள எரிஞ்சிகினு நின்னவங்க யாராச்சும் இருந்தா மேல படிங்க. மத்தவங்களுக்கு இது பேஜாரா இருக்கும்.

ஆரணி பஜார்ல எங்க கடை. எங்க வீட்டுக்காரரு தயாளன் மிஷினப் பாத்துப்பாரு. வள்ளியாகிய நான் கல்லாவயும் கஸ்டமரயும் பாத்துப்பேன். அவரு பாடி ஒரே ஒரு கேசட்டு போட்டாரு. இப்ப அவரும் இல்ல. அந்தக் கொரல இன்னொரு தடவ கேட்டுட மாட்டமான்னு நான் அலைஞ்ச அலைச்சல்தான் இது.

பென்சில் வைத்தியம்

தொண்ணூறுகள்ல பட்டு வாங்க வெளிநாட்டுக்காரங்க அப்பப்ப வருவாங்க. ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரரு, பட்டுக்கடை குமாஸ்தாவக் கூட்டிகினு, மூஞ்சி தொங்கிப் போயி வந்து நின்னாரு. அவரு வாக்மேன் கேசட்டத் தின்னுடுச்சி. டேப்பு குடலாட்டம் வெளிய தொங்குது. எங்க வீட்டுக்காரரு பென்சில வுட்டு சுத்தி, சிக்கெடுத்து, கசங்கின எடத்த நகத்தால நீவி, மிஷின்ல போட்டாரு.

ஒரு கித்தாரு, ஒரு டிரம்மு, ஆளு ஒசரத்துக்கு நிக்க வெச்சி கம்பிய இழுத்து அறையிற ஒரு பேஸு. அவ்ளோதான் வாத்தியம். பாடுறவனுக்கு மூச்சு வாங்குறது கேக்குது. ஒரு எடத்துல கித்தாரு தப்பாப் போவுது, பின்னால யாரோ சிரிக்கிறான், அத வெட்டாம அப்படியே வுட்டிருக்காங்க. பாட்டு முடியிற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு கையில இருந்த பென்சிலக் கூட கீழ வெக்கல. வெள்ளைக்காரரு சந்தோசத்துல ஒரு காப்பி எடுத்துக்கச் சொல்லிட்டாரு. இந்த மாதிரிப் பாட்டுக்கு ராக்கபில்லின்னு பேராம், அந்தக் கோஷ்டி போட்ட முதல் கேசட்டாம், ஒரே ரூமுல எல்லாரும் ஒண்ணா நின்னு பாடினதாம். எல்லாம் குமாஸ்தா தமிழ்ல எடுத்துச் சொன்னதுதான். கெளம்புறப்ப குமாஸ்தா இன்னொண்ணும் சொன்னாரு: "இதுக்கப்புறம் இவங்க போட்டதெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்குமாம், அதனால அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாராம்."

காலையில போடுற பாட்டா இது?

அன்னியிலேர்ந்து கடை தொறந்தா அந்தக் கேசட்டுதான். ஆடி மாசம், ஊரு பூரா அம்மன் பாட்டு கேட்டுகினு இருக்குது, எங்க கடையில மட்டும் எவனோ அறையிறான். வாசல் வரைக்கும் வந்த பொம்பளைங்க அப்படியே பக்கத்துக் கடைக்கிப் போயிடுவாங்க. எனக்குப் பத்திகினு வரும். "இதுல இன்னாதான் கீதுன்னு இத்தக் கட்டிகினு அழுவுறீங்க?"ன்னு கேட்டா, அவரு சொல்லுவாரு, "மத்தப் பாட்டெல்லாம் மேடை மேல நிக்குது வள்ளி, இது நம்ம பக்கத்துல வந்து உக்காருது. தப்பு பண்ணிட்டு சிரிக்கிறான் பாரு, அவன நம்பலாம்."

ஜரிகை வியாபாரி ஒருத்தரு, மக கல்யாணத்துக்குப் பாட்டு பதிய வந்தவரு, கொஞ்ச நேரம் காது குடுத்து கேட்டுட்டு எங்கிட்ட கேட்டாரு: "ஏம்மா, இவங்க கத்துகினு பாடினாங்களா, இல்ல பாடி முடிச்சிட்டு கத்துக்கப் போனாங்களா?"

தேயிலைப் பெட்டி

எங்க வீட்டுக்காரருக்கு கித்தாரு வாசிக்க வரும். ஆரணியில பேஸுக்கு எங்க போறது? டீக்கடையில பிளைவுட் தேயிலைப் பெட்டி ஒண்ணு கேட்டு வாங்கி, அதுல ஒரு கம்ப நட்டு, ஒத்தக் கயித்த இழுத்துக் கட்டினாரு. தச்சு வேல செய்யிற அவரு கூட்டாளி பாபு அதப் புடிச்சி அறைவாரு. பேண்டு செட்டுல டிரம் அடிக்கிற கணேசன், முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து வந்தாரு. பாட்டெல்லாம் இவரே கட்டினது. மொதப் பாட்டு இப்படிப் போவும்:

"சேத்துப்பட்டு பஸ்ஸு போயிடுச்சி,
என் செருப்பு மட்டும் ஏறிடுச்சி!"

கேசட்டுக்கும் 'சேத்துப்பட்டு பஸ்ஸு'ன்னே பேரு.

எங்க வீட்டுக் கூடத்துல, நடுவுல ஒரே மைக்க தொங்க வுட்டு, எல்லாரும் சுத்தி நின்னு பாடினாங்க. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் பட்டுத் தறி போட்டிருந்தாரு. கொஞ்சம் நிறுத்துங்கண்ணான்னா, முகூர்த்தப் பொடவ, நாளைக்கி தறியிலேர்ந்து அறுத்துக் குடுக்கணும்னுட்டாரு. அதனால எல்லாப் பாட்டுலயும் அவரு தறி இருக்குது. என் குக்கரும் ரெண்டு எடத்துல விசில் அடிச்சிது. கடைசிப் பாட்டும் அந்தச் செருப்பப் பத்தினதுதான், அது முடியப் போற நேரம், நான் உள்ளேர்ந்து, "கரண்டு போற நேரமாச்சி, ஜல்தி முடிங்க!"ன்னு கத்திட்டேன். அவரு பாடிகினே சிரிச்சிட்டாரு. மறுபடி பாடுங்கன்னு கையப் புடிச்சி கெஞ்சினேன். மாட்டேன்னுட்டாரு.

கேசட்டு வந்ததும் மொதல்ல வாங்கினது ஏகாம்பரம் அண்ணன்தான். கேட்டுட்டு நேரா கடைக்கி வந்தாரு: "பாட்டு எனக்குப் புரியல தயாளா, ஆனா என் தறி அருமையா வாசிக்குது."

மெட்ராஸ்காரங்க

மெட்ராஸ்ல ஒரு கேசட்டுக் கம்பெனிக்கு, மொதல்ல பதிஞ்ச டேப்ப இவரே எடுத்துகினு போனாரு. இஸ்திரி போட்ட சட்ட, நெத்தியில திருநூறு, பொண்ணு பாக்கப் போறாப்ல கெளம்பினாரு. அவங்க நல்லாத்தான் பேசினாங்களாம். கொரலு நல்லா இருக்குது, பெரிய ஸ்டுடியோவுல மறுபடி பாடுங்க, தறி, குக்கரு, அந்தப் பொம்பள சத்தம் எதுவும் வேணாம், பெட்டிக்குப் பதிலா நாங்க கீபோர்டு போட்டுக்கறோம்னாங்களாம். அந்தப் பொம்பள நான்தான்.

அதெல்லாம் எடுத்துட்டா அப்புறம் இதுல நான் எங்க இருக்கேன்னு கேட்டுட்டு, டேப்பக் கூடத் திரும்பி வாங்காம எழுந்து வந்துட்டாரு. கோவம் அடங்கினப்புறம் கேட்டு ஆளனுப்பினோம். எங்க வெச்சோம்னு தெரியலன்னுட்டாங்க. பாபு மட்டும் ரொம்ப நாள் பொலம்பிகினு இருந்தாரு: "நீ இருக்கறது இருக்கட்டும் தயாளா, என் பெட்டிய ஒருத்தனும் ஒரு வார்த்த கேக்கலியா?"

திரும்பி வந்தவங்க

வீட்டுல இருந்த காப்பிய வெச்சி, நாங்களே ஏத்தி ஏத்தி வித்தோம். தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, டீக்கடைக்காரங்க எல்லாரும் வாங்கினாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு எடத்துல பாடறதக் கேட்டு, எங்க வீட்டுக்காரரு சைக்கிள நிறுத்திட்டு நின்னாரு. சந்தோசமா இருந்தாரு. நானும் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் ஒவ்வொருத்தரா திரும்பி வந்தாங்க. "கேசட்டு நல்ல கேசட்டுங்க, இதும்மேல பக்திப் பாட்டு ஏத்திக் குடுங்க." பதிஞ்ச பாட்டு அழியாம இருக்கறதுக்கு, கேசட்டு முதுவுல இருக்குற ரெண்டு சின்ன பிளாஸ்டிக்க ஒடச்சி வுடுவோம். தன் கேசட்டுல மட்டும் அவரு அத ஒடைக்கல. காசு குடுத்து வாங்கினவங்க, புடிக்கலன்னா வேற பாட்டு ஏத்திக்கட்டுமேன்னாரு. ஏத்திக்கினாங்க. அதும் அவரு கையாலயே. தன் பாட்டு மேல தானே சினிமாப் பாட்ட ஏத்திட்டு, கேசட்டத் தொடச்சி, உறையில போட்டு சிரிச்சிகினே குடுப்பாரு. நான் உள்ள போயி அழுவேன்.

ஒரு வேல மட்டும் ஒழுங்கா செய்ய மாட்டாரு. புதுப் பாட்டு முடிஞ்சப்புறம், மிச்ச டேப்ப வெறுமன ஓட வுட்டு அழிக்கணும். இல்லன்னா வாலுல பழசு ஒட்டிகினு இருக்கும். அந்தப் பொறுமை அவருக்குக் கெடையாது. டக்குனு மிஷின நிறுத்திட்டு எழுந்துருவாரு. அரகொற வேலன்னு நான் திட்டினா, சட்டைய மாட்டிகினே சொல்லுவாரு: "அந்த மிச்சத்த யாரு கேக்கப் போறா வள்ளி, நான் போயி ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்."

மஞ்சக்காமாலை

ரெண்டாயிரத்துக்கப்புறம் சி.டி. வந்துது. கேசட்டு ஏத்த வர்றவங்க கொறஞ்சிப் போனாங்க. நாங்க பாதிக் கடைய ஜெராக்ஸுக்கு மாத்தினோம். அந்த வருசமே அவருக்கு மஞ்சக்காமாலை வந்துது. கீழாநெல்லி அரச்சிக் குடுத்தோம், வேலூரு ஆஸ்பத்திரிக்கி எடுத்துகினு போனோம். தங்கல. போயிட்டாரு.

காரியம் முடிஞ்ச மறுநாள், வீட்டுல இருந்த ஒரே காப்பிய மிஷின்ல போட்டேன். மழையில ஒழுவின அலமாரியில கெடந்தது, பூசணம் புடிச்சி ஒட்டிகினு இருந்திருக்குது. கொஞ்சம் ஓடி, அறுந்து, சுருண்டுடுச்சி. பென்சில எடுத்தேன். எனக்கு அந்தக் கையி வரல. நீவ நீவ பொடியாக் கொட்டிச்சி. அந்த வெள்ளைக்காரரு குடுத்த கேசட்டு காப்பி மட்டும் நல்லா பாடுது. எவனோ ஒருத்தன், எங்கியோ மூச்சு வாங்குறான், சிரிக்கிறான், எங்க வீட்டுக்காரரு கொரலு மட்டும் இல்ல. கணேசன் வந்து பாத்துட்டு, தலையத் தொங்கப் போட்டுகினு சொன்னாரு: "நம்ம ஊருல வாங்கினவன் ஒருத்தனாச்சும் வெச்சிருப்பான் அண்ணி, போயி கேளுங்க."

வயக்காட்டுல

கேட்டேன். மொதல்ல ஏகாம்பரம் அண்ணன். தறிக்காவ வாங்கினவராச்சே, அவரு பத்திரமா வெச்சிருப்பாருன்னு ஓடினேன். என்னப் பாத்ததும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சி. "தறிச் சத்தம் தெனமும்தான் கேக்குதேன்னு, எம்மவன் அதும்மேல படப் பாட்டு ஏத்திகினாம்மா."

முள்ளிப்பட்டுல ஒருத்தரு வெச்சிருக்காருன்னு பாபு சொன்னாரு. பஸ் ஏறிப் போனேன். வெயில்ல வந்தேன்னு வாசல்லயே உக்கார வெச்சி மோரு குடுத்தாங்க. கேசட்ட கேட்டதும், அந்த மனுசன் கையப் புடிச்சி இழுக்காத கொறையா வயக்காட்டுக்குக் கூட்டிகினு போனாரு. நெல்லு கதிரு வாங்கி நிக்குது. அதும்மேல குச்சிக்குக் குச்சி கேசட்டு டேப்ப இழுத்துக் கட்டியிருக்குது. காத்துல பளபளன்னு ஆடி, 'ஊய்ங்'குன்னு ஒரு சத்தம். அவரு பெருமையா சொன்னாரு: "உங்க வீட்டுக்காரரு கேசட்டு கெட்டிம்மா, கட்டினதுலேர்ந்து ஒரு குருவி கிட்ட வர்றதில்ல."

சந்தவாசல்காரரு

அதுக்கப்புறம் தேடறத வுட்டுட்டேன். ஜெராக்ஸு, செல்லு ரீசார்ஜுன்னு கடை ஓடிகினு இருந்துது. அந்த மிஷின விக்க மட்டும் மனசு வரல, ஓரமாக் கெடந்துது. ஒரு நாள் மத்தியானம் சந்தவாசல்லேர்ந்து ஒரு பெரியவரு, மஞ்சப்பையில ஒரு கேசட்டோட வந்தாரு. முன்ன எங்க கடையில பக்திப் பாட்டு ஏத்தினதாம். வீட்டுல தெனமும் வெளக்கு வெச்சதும் போடுவாங்களாம். "பாட்டெல்லாம் நல்லாத்தான் கீது. முடியிற எடத்துலதான் அசிங்கமா கீதும்மா. சாமி ரூமுல வெச்சி கேக்கறது, அத்த அழிச்சிக் குடு"ன்னாரு.

மிஷின தொடச்சி, கேசட்ட ஓட்டி, கடைசிக்கி கொண்டாந்தேன். மங்களம் பாடி முடிஞ்சிது. ஒரு 'டக்'கு. அப்புறம் தேயிலைப் பெட்டி அறையிற சத்தம். பின்னால ஏகாம்பரம் அண்ணன் தறி. மூச்சு வாங்க, "என் செருப்பாச்சும் ஊரு போயி சேரட்டுமே"ன்னு எங்க வீட்டுக்காரரு பாடுறாரு. உள்ளேர்ந்து நான் கத்துறேன், "கரண்டு போற நேரமாச்சி, ஜல்தி முடிங்க!" அவரு சிரிக்கிறாரு. வாயாரச் சிரிக்கிறாரு. டேப்பு முடிஞ்சி மிஷினு தானா நின்னுடுச்சி.

நான் அழுவுறதப் பாத்து பெரியவரு பயந்துட்டாரு. பக்கத்துக் கடைக்கி ஓடினேன், அதே பக்திப் பாட்டு புது சி.டி.யாத்தான் இருந்துது, பெரியவரு சி.டி. வேணான்னாரு, அலைஞ்சி தேடி புதுக் கேசட்டாவே வாங்கியாந்து அவரு கையில வெச்சேன். பழசு எங்கிட்டயே இருக்கட்டுங்க ஐயான்னேன். அவரு புதுச மஞ்சப்பையில போட்டுகினு, என்ன ஒரு மாதிரிப் பாத்துட்டு சொன்னாரு: "இன்னாம்மா நீ, யாரோ ஒரு ஆளு சிரிக்கிறதுக்கும் ஒரு பொம்பள கத்துறதுக்கும் புதுக் கேசட்டு குடுக்குற, அத்த அழிச்சிக் குடுத்திருந்தா போதுமே."

கஸ்டமரு கேட்டத செஞ்சிக் குடுக்கறவதான் நல்ல கடைக்காரின்னா, நான் கெட்ட கடைக்காரியாவே இருந்துட்டுப் போறேன்.