ஜுரேமா குடித்த காப்பி

மீனாஸ் மலைப்பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் போய்விட்டுக் காப்பி குடிக்காமல் வெளியே வந்தால், அந்த வீட்டாரை முகத்துக்கு நேரே அவமானப்படுத்தியதாக அர்த்தம். அதுவும் எப்படிப்பட்ட காப்பி! தண்ணீர் கொதிக்கும்போதே சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். இந்த ஊரில் வீடு வீடாகப் போவதையே வேலையாக வைத்திருந்தாள் ஜுரேமா. சுகாதார நிலையத்தின் நீலச் சட்டை, தோளில் பை, நூற்று நாற்பது வீடுகள். யாருக்கு ரத்தக் கொதிப்பு, எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு காலத்தில் நூற்று இருபத்தெட்டு கிலோ இருந்தாள். மேட்டில் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துபோய், அரசு ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் காத்திருந்து, இரைப்பையைக் குறுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். ஊரில் பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்தாள். 'வாயைக் கட்டத் துப்பில்லாதவள் வயிற்றை வெட்டிக்கொண்டாள்' என்று பேசுவார்களே என்ற பயம். அப்படிப் பேசுகிற மகராசிகளை அவள் வயிற்றோடு ஒரு வாரம் வாழச் சொல்ல வேண்டும். ரொட்டி உப்பிக்கொண்டு நெஞ்சிலேயே நிற்கும். கோழிக்கறி கொஞ்சம் காய்ந்திருந்தாலும் அப்படியே திரும்பி வரும். முட்டை இன்றைக்கு ஒத்துக்கொண்டால் நாளைக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாவற்றிலும் மோசம் இனிப்பு. கால்மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிவிடும்.

அவள் அசரவில்லை. பையில் சின்ன டப்பாவில் மசித்த பீன்ஸ் வைத்திருப்பாள். நான்கு ஸ்பூன்தான், ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்வாள். வீடுகளில் காப்பியை உதட்டில் நனைத்துக்கொண்டு, பேச்சு சூடுபிடித்ததும் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவாள். காப்பியோடு நீட்டும் சீஸ் உருண்டைகளை 'எங்கம்மாவுக்கு உங்க கைமணம்னா உசுரு' என்று பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வாள். நாற்பத்தாறு கிலோ குறைந்தபோது சிலர் கள்ளக்காதல் என்றார்கள், சிலர் கெட்ட வியாதி என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த மேட்டில் ஏறினாள்.

சறுக்கியது ஒசோரியோவிடம்தான். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர், போன வருடம் மனைவியைப் பறிகொடுத்தவர். ஒருநாள் காலையில் வயிறு புரட்டிக்கொண்டிருந்ததால், அவர் நீட்டிய காப்பியை ஜுரேமா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன், ஆம்பள புழங்குற அடுப்புன்னு அருவருப்பா இருக்கா?"

"ஐயய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா..."

"அவ இருந்தப்ப மூணு கப்பு குடிச்சவதான நீ? போ தாயி, போ."

அதன் பிறகு நான்கு மாதம் அந்தக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. டாக்டரே போய்த் தட்டியும் திறக்கவில்லை. ஜூலையில் ரொட்டிக்கடை வாசலில் அவரைப் பார்த்தாள். இடது காலில் துணி சுற்றியிருந்தது, இழுத்து இழுத்து நடந்தார். சர்க்கரைக்காரர்களின் புண்கால்கள் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். விட்டால் அந்தக் கால் போய்விடும்.

மறுநாள் காலை கதவைத் தட்டினாள். "ஒசோரியோ ஐயா, காப்பி குடிக்க வந்திருக்கேன்!"

தாழ்ப்பாள் விலகியது. அந்த அடுப்படியில் செடி கிடி எதுவும் இல்லை, மனிதரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தால் கால்மணி நேரம் இருக்கிறது, அதற்குள் காலைப் பார்த்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு, கப்பைக் காலி செய்தாள்.

"நல்லாருக்கா?"

"வீட்டம்மா போட்டதவிட ஸ்ட்ராங்கா இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவளுக்குக் கை நடுங்கும், தூளக் கொட்ட மனசு வராது."

"கால்ல என்ன ஐயா?"

"கல்லு இடிச்சிருச்சு. நீ கேக்க எடுத்துக்க."

கேக்கைத் தொடாமல் பேச்சைத் திருப்பித் திருப்பிக் காலுக்கே கொண்டுவந்தாள். அவர் வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துப்போன கதைக்கு ஓடினார். அவளுக்குக் கழுத்து வியர்க்க ஆரம்பித்தது.

"ஒரே ஒரு தடவ காமிங்க ஐயா."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!"

அடுப்படி சுற்றியது. விழுவதற்கு முன் படுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்திருந்தது. அப்படியே தரையில் சாய்ந்தாள்.

"அம்மாடி! என் காப்பியாலயா? கப்பக் கழுவித்தான் ஊத்தினேன், சத்தியமா கழுவினேன்!" கிழவருக்குக் குரல் உடைந்தது.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"கப்பு சுத்தம்தான் ஐயா. என் வயித்த வெட்டிக் குறுக்கியிருக்காங்க. இனிப்பு ஆகாது."

"பித்தப்பைன்னு சொன்னியே?"

"பொய். வெக்கமா இருந்துச்சு."

"குடிச்சா இப்படி ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"வேற எப்படி என்னைய உள்ள விடுவீங்க?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணியை அவிழ்த்தார். தரையில் கிடந்த ஜுரேமாவின் கண்ணுக்கு நேரே இருந்தது கால். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"என் மகளுக்குக்கூடக் காமிக்கல" என்றார். "வெட்டிருவாங்களா?"

"இன்னிக்கே போனா விரலோட போயிரும். கால் நிக்கும்."

"நீயும் கூட வருவியா?"

"வரேன் ஐயா. எந்திரிக்க மட்டும் கொஞ்ச நேரம் குடுங்க."

அவர் ஈரத்துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். காலைத் திரும்ப மூடாமல், அவள் எழுந்திருக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.