பதின்மூன்று என்று சொன்னேன்

எங்கள் ஊரிலிருந்து யாரோ வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள் என்ற செய்தியை முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு சிவகாசிக்குத் திரும்பி, வீட்டில் நான் சும்மா இருந்த வருஷம் அது. அறுபதுகள் தொடங்கியிருந்தன. நாரணாபுரம் போகிற ரோட்டில் அய்யாவுக்கு ஒரு பட்டாசு ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கத்தில் பட்டாசு செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் நாற்காலி மேஜையை நினைத்துக்கொள்வார்கள். இருந்தவை தாழ்ந்த கொட்டகைகள். தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய் ஒட்டுவார்கள், சரம் பின்னுவார்கள், வெடிமருந்து அடைப்பார்கள். அவர்களில் நிறையப் பேர் எழுந்து நின்றால் என் இடுப்புக்கு வரமாட்டார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் புதியவர் அல்ல. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். அவர் வருவது முந்தின நாளே எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடும். சிறுபிள்ளைகளுக்கு அன்று லீவு. அவர் பெரியவர்களை மட்டும் பார்த்துவிட்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

“ரெண்டு பக்கம், இங்கிலீஷ்ல எழுதியிருக்கு” என்றார் அன்றைக்கு. “எட்டு வயசுப் பிள்ளைங்க மருந்து அடைக்குதுன்னு போட்டிருக்காம். பல தேசத்துக்கும் பொதுவா தொழிலாளர் விஷயத்தைப் பாக்குற சபை ஒண்ணு இருக்கில்ல, அதுக்குப் போயிருக்கு. அங்கேருந்து ஒரு அம்மா வர்றாங்க. உங்க இடத்தையும் பாக்கணுமாம்.”

“எழுதுனது யாருன்னு தெரியலையாக்கும்?” என்று அய்யா கேட்டார்.

“பேர் போடலை. நல்ல இங்கிலீஷ்னு சொன்னாங்க.”

எங்கள் ஊரில் அப்போது இரண்டு பக்கம் பிழையில்லாமல் இங்கிலீஷ் எழுதக்கூடியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அய்யா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் பார்க்க மட்டும் செய்தார். நான் தபால்காரரிடமிருந்து பத்திரிகை வாங்கினால் பார்த்தார். தோழிக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தால், மூங்கில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் மேஜையில் மைப்புட்டி இடம் மாறியிருந்தது ஒரு நாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். ஸ்கூல் ஹெட்மாஸ்டரா, அச்சாபீஸில் புரூப் பார்க்கிறவரா, ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அய்யாவோடு கூட்டுத் தொழில் செய்து கோபித்துக்கொண்டு பிரிந்தவரா? கடைத்தெருவில் அவர்கள் வணக்கம் சொன்னால்கூட, எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று தோன்றும்.

அண்ணனுக்கு வேறு சந்தேகம். “அவ சும்மா வருவாளா? மெஷின்ல செய்யுற வெளிநாட்டுக்காரன் எவனாவது அனுப்பியிருப்பான். நம்ம சரக்கு வெளியே போகக்கூடாதுன்னு அவனுக நினைப்பு. பிள்ளைக மேல என்ன திடீர்னு அம்புட்டு பாசம்?”

அது எனக்கும் சரியாகவே பட்டது. இருநூறு வருஷம் ஆண்டுவிட்டுப் போன இனத்து ஆள், இப்போது நம் பிள்ளைகளுக்காக அழ வருகிறாள் என்றால் நம்ப முடியுமா? அவள் அந்த நாட்டுக்காரி இல்லை என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

மொழிபெயர்க்க என்னை வரச்சொன்னது அய்யாதான். “வெளி ஆளை வைக்கவேண்டாம். நீயே கூட நின்னு சொல்லு பாப்பா” என்றார். நம்பிக் கூப்பிடுகிறாரா, என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்று கூப்பிடுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆண்கள் போடுகிற மாதிரி தட்டைச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி கூட வந்திருந்தார். அவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு கொட்டகையாக நுழைந்தார். கதவுகளை எண்ணினார். ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் நடுவே அடிவைத்து அளந்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். தொழிலைக் காப்பியடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

பிள்ளைகள் யாரும் இல்லை. முந்தின நாளே சொல்லி அனுப்பியாயிற்று. பெரியவர்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள்.

மூன்றாவது கொட்டகையில் அந்த அம்மா சுவரருகே நின்றார். தூக்குச்சட்டி மாட்ட வரிசையாக ஆணி அடித்திருந்தது. தன் பையை ஒரு ஆணியில் மாட்டப் பார்த்தார். அதற்கு அவர் நன்றாகக் குனியவேண்டியிருந்தது. “ஏன் இவ்வளவு கீழே அடித்திருக்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் போர்மேனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “உக்காந்து வேலை பாக்குறவகளுக்கு எட்டணும்ல” என்றார்.

அதை அப்படியே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எதிர்ச் சுவரில் ஆளுயரத்தில் இன்னொரு வரிசை ஆணி இருந்தது, பெரியவர்களின் தூக்குச்சட்டிகள் அதில்தான் தொங்கின. அதையும் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வெளியே வரும்போதுதான் அந்தப் பிள்ளை எதிரே வந்தது. நாரணாபுரத்துப் பெண்பிள்ளை. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததால் லீவு என்று சொன்னது அதற்குத் தெரியவில்லை. வேலி வழியாக உள்ளே வந்து, ஒரு கொட்டகையில் தன் இடத்தில் உட்கார்ந்து, வேலையையும் தொடங்கியிருக்கிறது. மருந்துத் தூள் ஒட்டி இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளி பூசினது போலப் பளபளத்தது. போர்மேன் அதைத் துரத்த, அது வழி தெரியாமல் நேரே எங்கள் முன்னால் வந்து நின்றது.

அந்த அம்மா வயது கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குது” என்றது பிள்ளை.

அய்யா எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் இங்கிலீஷில் பதின்மூன்று என்று சொன்னேன். பதினாலு முடிந்தால்தான் சட்டம் விடும் என்றாலும், அந்த உடம்புக்குப் பதினாலை யாரும் நம்பமாட்டார்கள். என் குரல் இயல்பாகவே இருந்தது.

அந்த அம்மா எழுதவில்லை. பிள்ளைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். தன் பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, பிள்ளையைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். பிள்ளை உடனே புரிந்துகொண்டது. எட்டு விரலை நீட்டியது. கொஞ்சம் யோசித்து, ஒன்பதாவதைப் பாதி மடக்கி நீட்டியது.

அவர் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். என்னைத் திட்டவில்லை, அய்யாவைப் பார்க்கக்கூட இல்லை. காருக்குப் போகும் வழியில் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “காலையிலிருந்து நீங்கள் சொன்ன மற்ற பதில்களில் எத்தனை பதின்மூன்று இருக்கிறது?”

உண்மையில் மற்றதெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். இனி அதை அவர் ஏன் நம்பவேண்டும்?

அய்யாவுக்காகப் பொய் சொன்னதால் என்மேல் இருந்த சந்தேகம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. “எழுதுனவளுக்குத்தான் இம்புட்டு சாமர்த்தியமா மறைக்கத் தெரியும்” என்று அண்ணன் சாப்பிடும்போது சொன்னான். அய்யா ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தார்.

பத்து நாள் கழித்து, அந்த அம்மா கொடுத்துவிட்டுப் போயிருந்த விலாசத்துக்கு எழுதினேன். நாலே வரி. அந்தப் பிள்ளைக்கு எட்டு முடிந்திருந்தது, நான் சொன்னது பொய், மற்றவை பொய்யில்லை என்று. சீசன் வேலைக்காக எல்லோரும் ஆபீஸில் இருந்த மத்தியானத்தில் நானே தபால்பெட்டியில் போட்டேன். வாழ்க்கையில் வெளிநாட்டுக்கு நான் எழுதிய ஒரே கடிதம் அது.

பதில் வந்ததுதான் வினையாயிற்று. தபால்காரர் உறையை அய்யா கையில் கொடுத்துவிட்டார். அந்நிய தேசத்து ஸ்டாம்பு, மேலே சபையின் முத்திரை. அய்யா அதைப் பிரிக்கவில்லை. என் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். நானே அதைப் பிரித்துப் படித்துக்காட்ட ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. உள்ளே சின்னக் குறிப்பு ஒன்றுதான் இருந்தது. என் கடிதத்துக்கு நன்றி, பிள்ளையின் வயதை அவர் அப்போதே எட்டு என்று எழுதிக்கொண்டார், அறிக்கையில் எந்த ஆபீஸின் பெயரும் வராது.

அந்த அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஆனால் மெட்ராஸிலிருந்து கெடுபிடி வந்தது. கொஞ்ச மாதம் சிவகாசியில் எல்லா ஆபீஸ்களும் சிறுபிள்ளைகளை உள்ளே விடவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பின்கதவைத் திறந்தார்கள். குழாய் ஒட்டுவது வீடுகளுக்குப் போனது.

அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று ஒரு நாள் நாரணாபுரத்துக்குப் போனேன். வாசலில் குழாய்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த அதன் அம்மா எழுந்திருக்கவில்லை.

“நீங்கதான் அன்னைக்கு இங்கிலீசுல என்னமோ சொல்லி வேலையைக் கெடுத்தீகன்னு சொல்றாக” என்றாள்.

“நான் கெடுக்கலைக்கா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. நோட்டு, புஸ்தகம் நான் வாங்கித் தாரேன்.”

“எதுக்கு?”

“படிக்கத்தான்.”

“அது தெரியுது. நீங்க எதுக்கு வாங்கித் தாரீக?”

நான் பொய் சொன்னேன், அதனால் என்று எப்படிச் சொல்வது? அவள் என் கைப்பையைப் பார்த்தாள். “பிள்ளைகிட்ட எதையும் எழுதி வாங்கிராதீக தாயி” என்றாள். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, மூத்ததை விடமாட்டேன், வேண்டுமானால் சின்னதைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். சின்னவள் படித்தாள். மூத்தவள் வீட்டிலேயே குழாய் ஒட்டினாள். பதினாலு முடிந்ததும் எங்கள் ஆபீஸுக்கே வேலைக்கு வந்தாள். என்னைக் கண்டால் சிரிப்பாள். அந்த நாள் அவளுக்கு நினைவிருந்ததா என்று நான் கேட்டதில்லை.

ஆறேழு வருஷத்துக்குப் பிறகு விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகியிருந்தார். நான் அப்போது பள்ளிக்கூட டீச்சர். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்தக் கடிதத்தை எழுதினது நான்தாம்மா” என்றார்.

நான் காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன்.

“சின்னப் பிள்ளைங்களை வேலைக்கு வச்சதுக்கு நாலு கேஸ் எழுதினேன். நாலும் மேலேருந்து திரும்பி வந்துச்சு. நான் கிளம்புறதுக்கு முன்னாடியே எங்க சர்க்கார் ஆபீஸ்லேருந்தே உங்களுக்குச் சேதி வந்துரும். வேற என்ன பண்றது?”

“எங்க அய்யா என்னைத்தான் நினைச்சாங்க. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “உங்க வீட்டுல இங்கிலீஷ் படிச்ச பொண்ணு இருந்தது எனக்கு வசதியாப் போச்சு. என் பக்கம் யாரும் திரும்பலை. மன்னிச்சுக்கோம்மா.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவருக்கு மூன்று பெண்கள், வேலை போயிருந்தால் தெருவுக்கு வந்திருப்பார்கள் என்பது தெரியும். ஆனாலும் அத்தனை வருஷம் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சிவகாசி பஸ்ஸில் வரும்போது, இறங்கியதும் அய்யாவிடம் சொல்லிவிடவேண்டும் என்ற ஒரே எண்ணம்தான்.

நேராக ஆபீசுக்குப் போனேன். அய்யா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வேலை கேட்டு வந்திருந்தாள். கையில் பள்ளிக்கூட சர்டிபிகேட். அய்யா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மை புதுசா என்று விரலால் தடவினார். “இந்தப் பிள்ளைக்கா பதினாலு?” என்று கேட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “மத்த ஆபீஸ்ல எல்லாம் எடுக்கிறாகளே மொதலாளி” என்றாள் பிள்ளையின் தாய். “எடுக்கிறவன் எடுக்கட்டும். எனக்கு வேண்டாம். என் வீட்டுலயே எழுதுறதுக்கு ஆள் இருக்கு” என்றார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார். நான் சொல்ல வந்ததை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரே கேட்டார், அந்த ஆறேழு வருஷத்தில் முதல் தடவையாக: “அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு இன்னும் எழுதுறியா?”

“எழுதுறேன்யா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போர்மேனைக் கூப்பிட்டு, பிள்ளைகள் புகுந்து வருகிற பின்பக்க வேலியை ஆள்விட்டு அடைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.