வண்டியின் மூக்கைத் தூக்கியவன்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் கடல் நடந்தே வரும். கடல் பொங்கும் வேலியேற்ற நாட்களில் ஓடை வழியாக உப்புத் தண்ணீர் மேலேறி, வாசலில் நிற்கும் என் பிக்கப்பின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பம்பரின் அடிப்பக்கம் துருவாக உதிர்ந்தது. அதனால்தான் முன்பக்கத்தை உயர்த்தினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. பக்கத்துத் தோப்பும்படியில் ஒருவன் தன் பிக்கப்பை நெஞ்சு நிமிர்த்திய மாதிரி உயர்த்தி நிறுத்தியிருந்தான். அதன் பக்கத்தில் என் வண்டி, மாமனார் முன் நிற்கும் புது மாப்பிள்ளை போலக் குனிந்து நின்றது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இந்த வகை வண்டிகளின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டுகள் இருக்கும். முறுகி முறுகிப் பாரம் தாங்குவது அவைதான். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு போல்ட். அதை முறுக்கினால் அந்தப் பக்கம் வண்டி எழும்பும். போன் வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். பாதி பார்த்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எழுந்து போய்விட்டேன்.

ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தொங்கவிட்டு, மல்லாந்து அடியில் புகுந்தேன். உப்பில் ஊறிய போல்ட் அசையவில்லை. டீசல் ஊற்றி, ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி, காலால் உதைத்ததில் போல்ட்டும் என் இடுப்பும் ஒன்றாகச் சத்தம் போட்டன. ஜாக்கியை இறக்கிப் பார்த்தால் இடது பக்கம் மட்டும் எழும்பி, வண்டி ஒற்றைப் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தது. மறுபடி தூக்கி வலது பக்கத்தையும் முறுக்கினேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் புகுந்த இடத்தில் இப்போது முஷ்டியே புகுந்தது. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும் முன்பே எர்ணாகுளம் சந்தைக்குப் போய், காய்கறி ஏற்றிக்கொண்டு இருட்டோடு திரும்பும்போதே மாற்றம் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் எனக்குக் கை தூக்கினார்கள். ஸ்கூட்டர்காரர், நடந்து வந்த பெரியவர், மீன்கூடைக்காரி, எல்லோரும். இத்தனை காலமாக இந்த ஊரில் காய்கறி விற்கிறேன். ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுப் பேரம் பேசுவார்களே தவிர, ஒருவரும் கை தூக்கியதில்லை. நானும் ஒருவரையும் விடாமல் பதிலுக்குக் கை தூக்கினேன். வீட்டில் சொன்னபோது மனைவி, “உங்களுக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

சில நாள் கழித்துப் பால் சேட்டன் விழுந்துவிட்டார். சைக்கிளில் பெட்டி கட்டி எங்கள் தெருக்களுக்குப் பால் பாக்கெட் போடுகிறவர். ஒற்றை ஆள். சந்து திரும்பும் வளைவில் ஏதோ வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்து, சைக்கிளோடு ஓடைக்குள் போய், இடது மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். சாயாக்கடையில் எல்லோரும் அந்த முகம் தெரியாத டிரைவரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். மற்றவர்கள் அவனோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் அவனுடைய பரம்பரையையும் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் பால் வராதே என்று, கடையில் வாங்கி வர மனைவியும் என்னோடு எழுந்தாள். கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். நான் வண்டியைக் கிளப்பி லைட்டைப் போட்டேன். முன்பெல்லாம் கேட்டின் பூட்டு உயரத்தில் விழும் வெளிச்சம், எதிர்வீட்டு மாடியில் காய்ந்த லுங்கியில் போய் விழுந்தது. மனைவி கை தூக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு வணக்கம் வைத்ததே இல்லை.

“கண்ணு தெரியலை. அணைங்க.”

அணைத்தேன். இருட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் அந்த வளைவில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அதில் இருந்தவர் ஒரு கையைத் தூக்கினார். நான் உற்சாகமாகக் கை காட்டிவிட்டு அவரைத் தாண்டி வந்தேன்.

வீடியோவின் மீதிப் பாதியை அப்போதுதான் பார்த்தேன். முன்பக்கத்தை உயர்த்தினால் கட்டாயம் ஹெட்லைட்டை இறக்கி வைக்க வேண்டும், பின்னால் பாரம் ஏறினால் மூக்கு இன்னும் தூக்கும் என்று அந்த ஆள் அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

லைட்டை அன்றே இறக்கினேன். உண்மையைச் சொல்லிவிடுவதற்காகத்தான் சேட்டனின் அறைக்குப் போனேன். அவர் மாவுக்கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பால் போட ஆள் இல்லாவிட்டால் ஏஜென்ட் அந்த வீடுகளை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவான், கை சரியாகும்போது போட வீடு இருக்காது, அதுதான் கவலை என்றார். நான் சொல்ல வந்தது ஒன்று. “நான் வண்டியில கொண்டு போறேன் சேட்டா, நீங்க பக்கத்துல உட்கார்ந்து வீடு காட்டினா போதும்” என்று வேறு ஏதோ வெளியே வந்தது.

தினமும் சந்தைக்குப் போகும் முன் பால். ஒற்றைக் கையோடு அவரால் நான் தூக்கிவிட்ட வண்டியின் உயரத்துக்கு ஏற முடியவில்லை. பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கி ஏற்றுவேன். இது வண்டியா ஆனையா என்று கேட்பார். வீட்டுக்கு வீடு, இந்த அண்ணாச்சி தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வீட்டில் எனக்கென்று புட்டும் பழமும் கட்டிக் கொடுத்தார்கள். அது எனக்கு உரியதில்லை. ஆனாலும் முழுதாகத் தின்றேன். சந்தைக்குத் தாமதமாகப் போய், மற்றவர்கள் பொறுக்கிப் போட்ட பீன்ஸை வாங்கி வந்தேன். “சொல்லிட்டீங்களா?” என்று, நடந்ததைத் தெரிந்துகொண்ட மனைவி தினமும் கேட்பாள். நாளைக்கு என்பேன்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின காலை, அந்த வளைவில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

“சேட்டா, அன்னிக்கு இங்க வந்தது என் வண்டிதான்.”

அவர் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். “தெரியும்டா அண்ணாச்சி. கண்ணை அடிச்சிட்டு, கையும் காட்டிட்டுப் போறவன் மட்டாஞ்சேரியில வேற ஆரு?”

பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா ஒரு நாள் ஆரஞ்சோட வந்து அழுதுட்டுப் போயிருப்பே. சொல்லலை, தினமும் வந்தே. எனக்கு ஆரஞ்சா வேணும்?” சற்று நிறுத்திவிட்டு, “வண்டியை இறக்கிடு. நீ தாங்கித் தாங்கி என் இடுப்பு கூசுது” என்றார்.

அடுத்த வீட்டுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மதியமே அடியில் புகுந்து போல்ட்டுகளைத் தளர்த்தினேன். வண்டி பழையபடி குனிந்துகொண்டது. கடல் வந்தால் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.

சேட்டன் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார். வீடுகள் எல்லாம் அவரிடமே இருக்கின்றன. ஆனால் அந்த மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. பிரேக் பிடிக்க வலது கை மட்டும்தான். அதைப் பார்க்கிற காலைகளில் எல்லாம் எனக்குச் சாயா கசக்கும். அவர் திரும்பி வந்த முதல் நாள், வளைவில் அவர் வருவது தெரிந்ததுமே வண்டியை ஓரங்கட்டி, லைட்டை மொத்தமாக அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டில் சைக்கிள் தடுமாறி நிற்கும் சத்தம் கேட்டது.

“லைட்டைப் போடுடா பாவி. ஓடை எங்கேன்னு தெரியலை.”