கத்திரிக்காய் நிற வானமும் மச்சானின் வீட்டுமனையும்

என் அக்காவின் கணவர் மலேசியாவில் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய் பக்கம் வீட்டுமனை விற்கிறார். பழைய ரப்பர் தோட்டத்து நிலம். பின்னால் சுண்ணாம்பு மலை. விளம்பரத்துக்கு என்னிடம் படம் கேட்டார்.

வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள் எடுத்து, எச்.டி.ஆர் முறையில் பதமாகச் சேர்த்தேன். வானம் வெளுக்கவில்லை, மரத்தடியும் இருண்டுபோகவில்லை. கண்ணுக்குத் தெரிவது போலவே இருந்தது.

மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "என்னலா இது, சப்புனு இருக்கு!"

தன் போனிலேயே நிறத்தை ஏற்றினார். வானம் கத்திரிக்காய் நிறமானது. புல் கிளிப்பச்சை. மலையைச் சுற்றிச் சாமி படத்தில் வருவது போல ஒளிவட்டம். அதைத்தான் ஃபேஸ்புக்கில் போட்டார்.

இன்று காலை ஈப்போவிலிருந்து ஒரு கணவன் மனைவி மனை பார்க்க வந்தார்கள். அந்த மனைவி போனை மலைக்கு நேராகப் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, படத்துல இருக்குற இடம் எங்க?"

"இதாம்மா," என்றார் மச்சான்.

"மலை சும்மாவே அழகாத்தானே இருக்கு? அதுக்கே இவ்ளோ பூச்சுன்னா, பத்திரத்துல என்ன பூச்சு இருக்கோ!"

"யோசிச்சிட்டு வாரோம்" என்று கணவர் காரைக் கிளப்பினார்.

மச்சான் என்னை முறைத்தார். "நீ ஒழுங்கா எடுத்திருந்தா நான் ஏன் கலர் ஏத்தப் போறேன்? அடுத்த தடவ வானவில்லோட எடுலா."

வானவில் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.