சுவருக்கு அந்தப் பக்கம் காய்த்த மொச்சை

ஆடியில் மொச்சை ஊன்றினேன். தையில் காய் வராவிட்டால் அந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டுவிடுவதாக மகன் சொல்லியிருந்தான். மதுரையில் அவன் கட்டிய வீட்டுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒரு கட்டில் போடும் அகலத்துக்கு மண் கிடந்தது. இந்த ஊரில் எனக்கு மிதிக்க இருந்த மண் அவ்வளவுதான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பூரான். மருமகளுக்குத் துணி காயப்போட இடம் வேண்டும். ஆனாலும், உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த காட்டில் ஆயுசெல்லாம் மொச்சை எடுத்தவள் நான். என்னிடம் தவணை சொன்னால் எப்படி இருக்கும்? "தையில வந்து பாரு" என்று மட்டும் சொன்னேன்.

கொடி வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. கருவேலங்கம்பு நட்டு, பழைய கேபிள் வயரைக் குறுக்கே கட்டிப் பந்தல் போட்டேன். புரட்டாசியில் பந்தல் மூடி, காம்பவுண்டு ஏறி அந்தப் பக்கமும் இறங்கிவிட்டது. எல்லாம் இலைதான். பனி விழுந்தால்தான் மொச்சை பூக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இருப்புக் கொள்ளவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவேன். டிவி முன்னால் உட்கார்வேன், எழுந்து போவேன். எலி கடிக்குமோ, சந்தில் திரியும் ஆடு எட்டுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். சன்னலிலிருந்தே பார்க்கத் தோதாக வீட்டின் பின்பக்கம் ஒரு எல்.இ.டி. பல்பு மாட்டச் சொன்னேன். பொழுது சாய்ந்தால் விடியும்வரை எரியும். யாராவது அணைத்தால் நான் போய்ப் போடுவேன்.

மருமகள் சும்மா இருப்பாளா. "அத்த, ரெண்டு போலீசையும் நிறுத்திட்டா திருவிழாவே நடத்திரலாம்" என்றாள்.

கார்த்திகை போனது. மார்கழிப் பனியும் விழுந்தது. பூ இல்லை. பின்வாசலில் சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. பொங்கல் கழிந்ததும் கொத்தனார் வருவதாகப் பேச்சு. விதை பொக்கோ, தண்ணீர் உப்போ என்று குழம்பிப்போனேன். ஊருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மொச்சையைப் பற்றி நான் இன்னொருத்தரிடம் கேட்பதா?

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு டீச்சரம்மா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டியது. "அம்மா, ஒங்க கொடி எங்க பக்கம் காய்ச்சுத் தொங்குது. பறிச்சுத் தாரேன், பொங்கக் கொழம்புக்கு ஆகும்ல?"

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சுவர் மறைவில் கிடந்த கொடி முழுக்கப் பூவும் பிஞ்சும் காயும். என் பக்கம் திரும்பினால் வெறும் இலை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், பல்பு வெளிச்சம் விழாத மூலையில் மட்டும் ஒரு பூங்கொத்து. ஸ்டூலில் நின்றபடியே பல்பைப் பார்த்தேன். எங்கள் காட்டில் ராத்திரி என்றால் ராத்திரிதான். இங்கே அந்தக் கொடிக்குப் பொழுது அடையவே நான் விடவில்லை.

அன்று சாயங்காலம் பல்பைப் போடவில்லை. மருமகள் கேட்டதற்கு, கரண்டு பில் ஏறுகிறது என்றேன்.

பொங்கலன்று என் பக்கம் அரும்புதான் கட்டியிருந்தது. குழம்பில் கொதித்தது டீச்சரம்மா பறித்துக் கொடுத்த காய். மகன் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு, நம் காயா என்று கேட்டான். நம் கொடிதான், அந்தப் பக்கம் காய்த்தது என்றேன். கை கழுவப் போனவன் பின்வாசலில் நெடுநேரம் நின்றான்.

"இது காய்க்க எம்புட்டு நாளாகும்மா?"

"மாசியாகும்."

"அப்ப கொத்தனார மாசி கழிச்சு வரச் சொல்றேன்."

மாசியில் பந்தல் நிறையக் காய்த்தது. வெளியே கிடந்த சிமெண்டு ஈரம் வாங்கி மூட்டையோடு கல்லாகிப்போனது. வேறு வாங்க வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஆடி பிறக்கப்போகிறது. விதையை நனையப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அந்தக் கல் மூட்டை மேல்தான் உட்கார்கிறேன். இருட்டியதும் உள்ளே வந்துவிடுவேன். கை மட்டும் சுவிட்சு வரை போய்த் திரும்புகிறது.